நெலாவுல வச்ச காலு

ஏனுங்க அம்மணி, அந்தப் பக்கம் எங்க போறீங்க? அது கரட்டுக்குப் போற வண்டித்தடம், வூடு வாசல் ஒண்ணும் இல்லீங்க. யாரு வேணும் உங்களுக்கு?

வசந்தாமணியா. நெலாவுல கால் வச்ச வசந்தாமணி. ம்.

பஸ்ஸ விட்டு எறங்கறவங்க எல்லாம் இப்ப அவளத்தான் கேக்கறாங்க. முன்னயெல்லாம் இந்த ஊருல எறங்குனா கோழிப்பண்ணை எங்கன்னு கேப்பாங்க. வாங்க, அவ வூடு எங்க வூட்டுக்கு அடுத்த வூடுதான், நானும் அங்கதான் போறேன். இந்த ஆட்டுக் கயித்த மட்டும் கொஞ்சம் புடிச்சுக்குங்க. கடிக்காதுங்க. பையத்தான் திங்கும், பைய அந்தக் கையில மாத்திக்குங்க.

நானு பாவாயி. வசந்தாமணி எனக்கு ஓரகத்தி. எங்க வூட்டுக்காரரு செங்கோடன் மூத்தவரு, அவ வூட்டுக்காரரு அர்த்தனாரி எளையவரு. எளையவரு போயிச் சேந்துட்டாரு, பாவம். தங்கமான மனுசன். பொண்டாட்டி விசயத்துலதான் ஏமாந்துட்டாரு.

ஒரு சமாச்சாரம் சொல்றேன், உங்க மனசோட வச்சுக்குங்க. நெலாவுல பட்டது அவ காலு இல்லீங்க. எங்காலு. ஆமா, இந்தக் காலுதான். ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது. நானும் யாருகிட்டயும் சொல்றவ இல்ல. நேத்து வந்த காலேஜுப் பசங்ககிட்டச் சொன்னேன், அதுக்கு முன்னாடி ஒரு டீவிக்காரருகிட்டச் சொன்னேன், அவ்வளவுதான். வெளியூருக்காரங்களுக்குச் சொன்னா ஊருக்குள்ள வராது பாருங்க.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

அதா தெரியுது பாருங்க, அந்த வெள்ளப்பாறைக் குன்று, அதுதான் வெள்ளக்கரடு. மழை பேஞ்சா தண்ணி நிக்காது, வெயிலடிச்சாக் கண்ணு கூசும், கொழுக்கட்டப் புல்லு கூட மொளைக்காது. இந்த ஆடே அந்தப் பக்கம் திரும்பிப் பாக்காது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரிக்கறப்ப, கெணத்துப் பக்கம் மூத்தவங்களுக்குத்தான்னு நான் சொன்னேன். மூத்தவங்க பெரிய குடும்பத்தக் கட்டிக் காக்கறவங்க இல்லீங்களா. எங்களுக்கு ஒரே பொண்ணுதான், அவளையும் கட்டிக் குடுத்தாச்சு, அது வேற விசயம். கரடு எளையவங்களுக்குப் போகட்டும்னேன். வசந்தாமணி ஒரு வார்த்த பேசல. "சரிங்க அக்கா"ன்னுட்டு உள்ள போயி எல்லாருக்கும் காப்பி போட்டுட்டு வந்துட்டா.

அதுல வந்ததுங்க கோவம். சண்டைக்கு வந்திருந்தான்னா நானும் ரெண்டு பேசியிருப்பேன், அதோட தீந்திருக்கும். சரிங்க அக்கான்னா என்னங்க அர்த்தம்? ஊரே என்ன நாயங்கெட்டவளாட்டம் பாத்துச்சு. அன்னைக்கு நிறுத்துனேன் பேச்ச. பக்கத்து பக்கத்து வூடு, நடுவுல ஒரு கிளுவ வேலி. அவ துணி காயப் போட்டா நான் உள்ள வந்துருவேன். எளையவரு செத்தப்பக்கூட நான் போயி மொறை செஞ்சுட்டு, பேசாமத்தான் வந்தேன்.

அப்படி இருக்கறப்பத்தான் ஒரு வண்டி வந்துச்சு. கல்லு டாக்டரு ஒருத்தரு, நாகர்கோயில் பக்கத்து அம்மா, எஸ்தருன்னு பேரு. டாக்டருன்னதும் எங்க வூட்டுக்காரரு முட்டிவலிக்கு மருந்து கேட்டுட்டாரு. அந்தம்மா சிரிச்சுட்டு, நான் கல்லு மண்ணத்தான் பாப்பேன், நெலாவுக்கு வண்டி அனுப்பற ஆராய்ச்சியில வேலைன்னு சொல்லுச்சு. சுத்தியால கரட்டுல நாலு தட்டு தட்டுச்சு. ஒடைஞ்ச கல்ல ஒரு கண்ணாடிக்குள்ள வச்சுப் பாத்துச்சு. பொறவு அப்படியே பாறை மேல உக்காந்துக்கிச்சு. நான் வெயிலு தாங்கலையோன்னு நெனச்சேன்.

வெயிலில்லீங்க. அந்தக் கல்லு நெலாவுல இருக்கற கல்லாம்.

அதாவது, ராத்திரி நெலா வெள்ளையாத் தெரியுதுல்லீங்க, அந்த வெள்ள எடம் பூராவும் இந்தச் சாதிக் கல்லுதானாம். கருப்பா முயலாட்டம் தெரியுதே, அது வேற கல்லாம். ஆளில்லாத வண்டி ஒண்ணு அங்க போயி நாலு காலு ஊனி எறங்கோணும். முன்ன ஒருக்கா போனது எறங்கற நேரத்துல விழுந்து போச்சு. இந்தத் தடவ விழுகாம இருக்கோணும்னா, அங்கத்த மண்ணாட்டம் இங்கயே மண்ணு பண்ணி, அதுல எறக்கி எறக்கிப் பாக்கோணும். கரட்டுக் கல்ல எடுத்துப் பொடி பண்ணிக்கறோம், குடுப்பீங்களான்னு அந்தம்மா வசந்தாமணிகிட்டக் கேட்டுச்சு.

அவ என்ன சொன்னாங்கறீங்க? "சரிங்க அம்மா"ன்னா.

எனக்கு வயிறு எரிஞ்சுச்சுன்னு நெனைக்காதீங்க. பொறாமையெல்லாம் எனக்குக் கெடையாது. ஆனா நாயம்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க. மூத்தவ நான் இருக்கறப்ப நெலா எளையவ பக்கம் போறதுன்னா? எங்க காட்டுலயும் வெள்ளக் கல்லு கெடக்குதுன்னு ஒரு சீலத்துண்டுல நெறயக் கட்டிட்டுப் போயி அந்தம்மா முன்னாடி கொட்டுனேன். ஒண்ண எடுத்துப் பாத்துட்டு, பெரியம்மா, இது சுக்கான் கல்லு, சுண்ணாம்புக்குத்தான் ஆகும்னு சொல்லிருச்சு. வசந்தாமணி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. சிரிச்சிருப்பா. தோளு குலுங்குச்சு.

சரி, கல்லு இல்லைன்னா என்ன, தடம் இருக்குதில்ல? கரட்டுக்குப் போற வண்டித்தடம் எங்க நெலத்து வழியாத்தானுங்க. லாரி வந்த அன்னைக்கு எங்க எருமைய குறுக்க கட்டிப்போட்டேன். டிரைவரு ஆரன் அடிக்கறான், எருமை அசையல. அந்தம்மா எறங்கி வந்து என்ன பெரியம்மா கோவம்னு கேட்டுச்சு. எனக்கு நெலா மேல ஒரு கோவமும் இல்லீங்க, எருமைக்குத்தான் லாரின்னா ஆகாதுன்னேன். அந்தம்மா கெட்டிக்காரி. எருமையப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு, வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கற வசந்தாமணியப் பாத்துச்சு. பொறவு சொல்லுச்சு, மண்ணு குடுத்தவங்களப் பெங்களூருக்குக் கூட்டிப்போயி எல்லாத்தையும் காட்டலாம்னு இருக்கோம், வழி குடுக்கறவங்களும் வந்தா நல்லாருக்கும்னு.

எருமைய அவுத்துட்டேன். நாட்டுக்காக.

பெங்களூருக்கு வேனு அனுப்புனாங்க. அந்தம்மாவே கூட வந்துச்சு. நான் முன்னாடி சீட்டு, வசந்தாமணி கடைசி சீட்டு. போற வழியெல்லாம் நான் கேள்வி கேட்டுக்கிட்டே போனேன். நெலாவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னேன். செவ்வாயி, வியாழன், சனின்னு சொல்லிக்கிட்டே போச்சு. சனிக்கும் அந்தப் பக்கம்னேன். அதுக்கும் அந்தப் பக்கம் வேற வேற சூரியனுங்களாம், எண்ணி முடியாதாம். அதெல்லாம் ஒரு கூட்டமாச் சுத்துதாம், அந்த மாதிரிக் கூட்டமே எண்ண முடியாம இருக்குதாம். அங்கிருந்து வெளிச்சம் கெளம்புனப்ப இங்க மனுசனே பொறக்கலையாம். எனக்கு மலைப்பாப் போச்சு. அவ்வளவு எடம் சும்மா கெடக்குது, பாகம் பிரிக்க ஒரு ஆளில்ல பாருங்க.

பின்னாடி திரும்பிப் பாத்தேன். வசந்தாமணி சன்னல் வழியா மேல பாத்துக்கிட்டு வந்தா. பகல்ல என்னங்க தெரியும் அங்க?

பெங்களூருல போயி எறங்குன எடத்துல ஒரு பெரிய கொட்டகை. கல்யாண மண்டபம் ரெண்டு உள்ள வைக்கலாம். செவுரெல்லாம் கருப்புத்துணி. ஒரே ஒரு வெளக்கு, அதுவும் தரைக்குக் கிட்ட சாய்வா. வண்டி எறங்கப் போற பக்கம் சூரியன் அப்படித்தான் படுத்தாப்புல அடிக்குமாம். செருப்ப வெளிய கழட்டச் சொல்லி, காலுல மாட்டிக்க நீலத்துணி உறை குடுத்தாங்க. அந்த வெளக்குக்கு நேரா, தரையில, எங்க வெள்ளக்கரடு.

சொன்னா நம்ப மாட்டீங்க. மாவாட்டம் அரைச்சு, களம் பரப்புனாப்புல பரப்பி, சீப்பு வச்சு வாருனாப்புல சமம் பண்ணி வச்சிருந்தாங்க. அங்கங்க சின்னச் சின்னக் குழி, பக்கத்துல குட்டிக் குட்டிக் கல்லு, ஒவ்வொண்ணுக்கும் நீள நீளமா நெழலு. மேல கயித்துல ஒரு எயந்திரம் தொங்குது. நெலாவுல எடை ஆறுல ஒரு பங்குதானாம், அதனால மிச்ச எடையக் கயிறு தாங்கிக்குமாம். சுத்தி எல்லாரும் குசுகுசுன்னுதான் பேசறாங்க, கோயில் கருவறைக்கு முன்னாடி நிக்கறாப்புல. ஒரு கண்ணாடிக்காரத் தம்பி வெளக்கிச் சொன்னாரு. அங்க காத்தில்ல, தண்ணியில்ல, அதனால மண்ணு தேயறதே இல்லையாம். நம்ம ஆத்து மணலு உருண்டு உருண்டு மழுங்கிப்போகுது, அங்க ஒவ்வொரு பொடியும் கண்ணாடிச் சில்லாட்டம் அப்படியே இருக்குமாம். அதே மாதிரி அரைக்கறதுக்குள்ள எத்தன மிசினு ஒடஞ்சுச்சுன்னு சொன்னாரு.

எனக்கு என்னமோ பண்ணுச்சுங்க அம்மணி. ஆடு மதிக்காத கரடு. எங்க மாமியாரு கோவம் வந்தா, போ, போயி வெள்ளக்கரட்டுல ஏறி நில்லுன்னுதான் திட்டுவாங்க. வேண்டாம் வேண்டாம்னு நான் தள்ளிவுட்ட கரடு. அது அங்க போயி வெளக்கு வெளிச்சத்துல மகாராணியாட்டம் படுத்துக்கெடக்குது. படிச்சவங்க அத்தன பேரும் அதச் சுத்தி மூச்சு வுடாம நிக்கறாங்க.

எல்லாரும் மேல தொங்கறத அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் அந்த உறைய ஒரு காலுல மட்டும் கழட்டுனேன். ஓரத்துல கம்பி மாதிரி ஒரு கயிறு கட்டியிருந்துச்சு, அதத் தாண்டி வச்சேன் காலை. நல்லா அழுத்தித்தான் வச்சேன். எடுத்துட்டேன், உறையப் போட்டுட்டேன், கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டேன்.

சாய்ஞ்ச வெளக்குங்களே, தடம் அப்படியே எடுத்துக் காட்டிருச்சு. கண்ணாடிக்காரத் தம்பி பாத்துட்டாரு. மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு. அன்னைக்கு மத்தியானம் எறக்கிப் பாக்கறதா இருந்தாங்களாம், இனி மறுபடியும் மொத இருந்து சமம் பண்ணோணுமாம். யாரு பண்ணதுன்னு கேட்டாரு. கத்தலீங்க, அழுகறாப்புலதான் கேட்டாரு.

நான் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. வேனுல போறப்ப குடுத்த முறுக்கு, அதுல உப்பு ஜாஸ்தி, அதனாலயா இருக்கும்.

அப்ப வசந்தாமணி ஒரு எட்டு முன்னாடி வந்தா.

"நாந்தானுங்க தம்பி. எங்க கரடாச்சே, ஒருக்கா தொட்டுப் பாக்கோணும்னு தோணிருச்சு. மன்னிச்சுக்குங்க."

அந்தத் தம்பி அவளத் திட்டுன திட்டு இருக்குதே. படிச்ச திட்டுங்க, மரியாதையாத்தான் இருந்துச்சு, ஆனா ஒவ்வொண்ணும் ஊசியாட்டம் எறங்குச்சு. அவ தல குனிஞ்சு நின்னா. கல்லு டாக்டரம்மா கிட்ட வந்து குனிஞ்சு தடத்தப் பாத்துச்சு. வசந்தாமணி காலப் பாத்துச்சு. எங்காலப் பாத்துச்சு. அந்தத் தம்பி கையத் தட்டிக் குடுத்து, சரி, நான் பாத்துக்கறேன், எல்லாரும் வெளிய போகலாம்னு சொல்லிருச்சு. சாயங்காலம் ஒரு விழா வச்சு அவளுக்குச் சால்வை போடறதா இருந்தாங்க, அதையும் நிறுத்திட்டாங்க. என்னக் கேட்டா, அவளா வந்து மாட்டிக்கிட்டது. நான் சொல்லச் சொன்னேனா?

திரும்பி வர்றப்ப நானும் பின்னாடி சீட்டுல உக்காந்தேன். முன்னாடி சீட்டு வெயிலடிச்சுது. கிருஷ்ணகிரி தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல. பொறவு அவ தூக்குப்போசியத் தொறந்து, புளிச்சோத்த இலையில வச்சு என் பக்கம் நீட்டுனா. வாங்கிக்கிட்டேன். சோத்து மேல என்ன கோவம்? பாதி தின்னுருப்பேன், மெதுவாக் கேட்டா.

"அக்கா, மண்ணு எப்படி இருந்துச்சு?"

அத்தன வருசம் கழிச்சு அவ எங்கிட்டப் பேசுன மொத வார்த்தைங்க அது. ஏன் வச்சேன்னு கேக்கல. ஏன் வாயத் தொறக்கலன்னு கேக்கல.

சில்லுன்னு இருந்துச்சுன்னேன். மாவாட்டம் உள்ள வாங்குச்சு, ஆனா மாவில்ல, கடிக்குதுன்னேன். அவ கண்ண மூடிக் கேட்டுக்கிட்டா. கடிக்குதான்னு ஒருக்கா கேட்டா. ஆமா, கூசறாப்புல கடிக்குதுன்னேன். அதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. கல்யாணமாகி வந்த புதுசுல அப்படிச் சிரிப்பா.

அதோட முடிஞ்சிருந்தா நல்லாருக்கும். வேனு டிரைவரு ஊருல வந்து சொல்லிட்டான். வசந்தாமணி நெலா மண்ணுல கால வச்சுட்டா, ஆபீசருங்க அத்தன பேரும் அரண்டுட்டாங்கன்னு. பொறவு கேக்கோணுமா? பொறந்த கொழந்தையத் தூக்கிட்டு வந்து அவ காலத் தொட வைக்கறாங்க. பஞ்சாயத்துல அவளுக்குத் தனி நாற்காலி. பேப்பர்க்காரங்க அவ காலப் படம் புடிச்சாங்க, சின்னக் காலு, எலிக்காலு. அத்தனையும் எனக்கு வந்திருக்க வேண்டியதுங்க. நீங்களே சொல்லுங்க, இது அநியாயமா இல்லையா?

அவளே ஒருநா வேலியோரம் வந்து, அக்கா, நான் ஊருல உள்ளதச் சொல்லீறட்டுமான்னு கேட்டா. நானும் யோசிச்சேன். உள்ளதச் சொன்னா, அவ திட்டு வாங்கறப்ப நீ ஏன் கம்முனு நின்னேன்னு கேப்பாங்க. அதுக்கு எங்கிட்ட நல்ல பதிலு இருக்குது, முறுக்கு. ஆனா இந்த ஊருக்காரங்க நம்ப மாட்டாங்க. அதனால பெரிய மனசு பண்ணி, வேண்டாம், நீயே வச்சுக்கன்னு குடுத்துட்டேன். மூத்தவங்கன்னா வுட்டுக் குடுத்துத்தான போகோணும்.

நெலாவுல வண்டி எறங்குன அன்னைக்கு சாயங்காலம் ஊரே அவ வாசல்ல. டீவிய வெளிய எடுத்து வச்சிருந்தா. நான் போகக்கூடாதுன்னுதான் இருந்தேன், எங்க டீவியில படம் சரியா வரல. போட்டுப் பாக்கல, ஆனா வராது. போனா, அவ பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு, உக்காந்தேன். வண்டி இருக்கற உசரம் டீவியில கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அந்தப் பெங்களூர்த் தம்பி அழுகறாப்புல நின்ன மொகம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. எங்காலால ஏதாச்சும் தப்பாப் போயிருக்குமோன்னு ஒரு நெனப்பு. சும்மா ஒரு நெனப்புதான். வசந்தாமணிக்குப் பயம், எங்கையப் புடிச்சுக்கிட்டா. எறங்கிருச்சுன்னு சொன்னதும் எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டறாங்க, அவ மட்டும் உக்காந்துக்கிட்டு, "அக்கா, கைய வுடுங்க, வலிக்குது"ங்கறா. பாத்தா அவ கையில அஞ்சு நகமும் பதிஞ்சு கெடக்குது. எப்படி ஆச்சோ தெரியல.

கொஞ்ச நாளு கழிச்சு டாக்டரம்மா ஊருக்கு வந்துச்சு. பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. அன்னைக்கு மண்ணச் சமம் பண்றதுக்கு முன்னாடி, அந்தத் தடத்த நேரா மேல இருந்து ஒரு போட்டோ புடிச்சு வச்சிருந்துச்சாம். அதப் பெருசு பண்ணிக் கண்ணாடி போட்டுக் கொண்டாந்து, வசந்தாமணி கையில குடுத்துச்சு. நாங்க பண்ணுன நெலா மண்ணுல பதிஞ்ச மொதக் காலு இதுதான், அந்தப் பெங்களூர்த் தம்பியே இத உங்களையே வச்சுக்கச் சொல்லிட்டாருன்னு மைக்குல சொல்லுச்சு. அவ அதத் தூக்கி ஊருக்கே காட்டுனா.

அம்சமான படமுங்க. குதிகாலு, உள்ளங்காலு, விரலு நாலு, எல்லாம் தெளிவா இருந்துச்சு. சுண்டுவிரலு இல்ல. எனக்குத்தான் சின்னதுல சோளத்தட்டு வெட்டறப்ப அருவா பட்டுப் போயிருச்சே.

கூட்டம் எட்டி எட்டிப் படத்தப் பாத்துச்சு. பொறவு மொத வரிசையில ஒருத்தி சீலைய வாயில வச்சுக்கிட்டா. அப்படியே பின்னாடி வரைக்கும் சிரிப்பு போச்சு. எங்க வூட்டுக்காரரு துண்டால மொகத்த மூடிக்கிட்டு குலுங்கறாரு. எல்லாரும் எதுக்கோ என்னத் திரும்பிப் பாக்கறாங்க. பொறாமை புடிச்சவ எப்படி உக்காந்திருக்கான்னு பாத்திருப்பாங்க. நான் நிமிந்து உக்காந்து, எல்லாத்துக்கும் மேல சத்தமாக் கை தட்டுனேன். நல்லவேளை, ஒருத்தருக்கும் வெளங்கல.

மறுநா காலையில நான் வாசக்கூட்டிக்கிட்டு இருக்கறேன், வசந்தாமணி அந்தப் படத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வர்றா. வேலியச் சுத்திக்கிட்டு வரல, நடுவுல கிளுவ பட்டுப்போன சந்துல நொழைஞ்சு நேரா வந்துட்டா.

"அக்கா, எங்க வூட்டுச் செவுத்துல ஆணி எறங்க மாட்டேங்குது. உங்க வூட்டுலயே மாட்டி வச்சுக்குங்க."

கட்டுனது அப்படி. நான் அப்பவே சொன்னேன், அந்தக் கொத்தனாரு சரியில்லன்னு. புதுச் செவுரு, ஒரு ஆணி தாங்கலைன்னா பாருங்க. சரி, கூடப்பொறந்தவளாட்டம் வந்து கேக்கறாளேன்னு எங்க வூட்டு முன்னறையில, வாசலுக்கு நேரா எடம் குடுத்தேன். அவளே ஸ்டூலு மேல ஏறி நின்னு ஆணியடிச்சா. நான் ஸ்டூலப் புடிச்சுக்கிட்டேன். இப்ப அவளத் தேடி வர்றவங்கள எல்லாம், படம் அக்கா வூட்டுல இருக்குது, அங்க போயிப் பாருங்கன்னு அனுப்பிச்சுடறா. வர்றவங்களுக்கு ஒரு வாய் காப்பி போடச் சலிப்பு, வேற என்ன. நாந்தான் போட்டுக் குடுக்கறேன்.

வந்தாச்சுங்க. ஆட்ட அந்த முளையில கட்டீருங்க. செருப்போடயே வாங்க, பரவால்ல. அதா, நேரா மேல பாருங்க.

எப்படி அம்மணி, நல்ல காலுதானுங்களே?